பல்பம் முதல் கிச்சன் மேடை வரை... கல் தூசி நுரையீரலை என்ன செய்யும் தெரியுமா?

யூடியூபில் 'சிலேட்டுக் குச்சி' என்று தேடிப் பாருங்க. மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'கறுக் மொறுக்' என்று கடிக்கிற வீடியோக்கள் வரிசைகட்டி வரும். ஏ.எஸ்.எம்.ஆர் என்ற பெயரில் லைக்ஸ் அள்ளுகிற சமாசாரம் அது. நாமளும் ஒண்ணாங்கிளாஸில் எழுதின பல்பத்தைவிடத் தின்ன பல்பம்தானே அதிகம்! நாட்றம்பள்ளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க. அவங்க வீட்டில் அது 'பலபம்', 'பளப'.

ஆனால், அந்தக் குச்சியை அறுத்துக் கொடுத்தவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டவில்லை. அவர்களைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத தூசி. அதே தூசி இன்றைக்கு நம் ஊர் கிரானைட் பட்டறையிலும் பறக்கிறது. அதனால் இந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

சேறு எப்படிச் சிலேட்டு ஆச்சு?

பல கோடி வருஷங்களுக்கு முன்னால் நீருக்கு அடியில் படிந்த சேறுதான் சிலேட்டின் ஆரம்பம். மேலே சுமை ஏற ஏற அது இறுகிக் களிப்பாறை ஆகிறது. பூமிக்கு அடியில் அழுத்தமும் வெப்பமும் சேரும்போது, அதிலுள்ள நுண்ணிய தாதுக்கள் ஒரே திசையில் வரிசையாகப் படுத்துவிடுகின்றன. அதனால்தான் உளி வைத்துத் தட்டினால், சிலேட்டு அப்பளம் அப்பளமாகப் பிரிந்து வருகிறது. பெரும்பாலான கற்களில் இந்தச் சௌகரியம் கிடையாது.

இந்தக் கல்லுக்குள் குவார்ட்ஸ் என்ற தாதுவும் கலந்திருக்கிறது. அதுதான் சிலிகா. கல் கல்லாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. அறுத்துப் பொடியாக்கும்போதுதான் ஆபத்து.

மணலில் இருந்து சிலேட்டுக்கு

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியைக் கவனிக்க வந்த ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்து அசந்துபோனார். மணலில் எழுதுவது, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவது என்ற நம்மூர் வழக்கத்தை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர், மணலோடு சிலேட்டையும் சேர்த்துக்கொண்டார். காகிதம் விலை அதிகமாக இருந்த காலத்தில், துடைத்துத் துடைத்து எழுதக்கூடிய சிலேட்டு ஏழைப் பள்ளிகளுக்குப் பெரிய வரம். பிறகு அது உலகம் சுற்றி நம் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

வேல்ஸ் மலையில் தொங்கிய உயிர்கள்

பிரிட்டனில் சிலேட்டுக்குப் பேர்போன இடம் வடக்கு வேல்ஸ். 19-ஆம் நூற்றாண்டில் தொழில் நகரங்கள் பெருகியபோது, வீட்டுக் கூரை போட அங்கிருந்துதான் கப்பல் கப்பலாகச் சிலேட்டு போனது. பாறையில் வேலை செய்தவர்கள் தொடையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு செங்குத்தான பாறை முகத்தில் தொங்கியபடி துளை போட்டு, வெடிமருந்து வைத்தார்கள். கல் சரிந்தால் அவ்வளவுதான்.

அங்கே பென்ரின் குவாரியில் 1900 நவம்பரில் சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மூன்று வருஷம் நீண்ட அந்தப் போராட்டம் தொழிலாளர்களின் தோல்வியில் முடிந்தது.

இதைவிட வேதனை தூசி விஷயம்தான். கொட்டகைக்குள் கல் அறுத்தவர்கள் இருமி இருமிச் செத்தபோது, குவாரி தரப்பு டாக்டர்கள் சிலர் தூசிமேல் பழி போடவில்லை. ரொம்ப நேரம் ஊறிய டீயைக் குடிப்பதுதான் காரணம் என்று டீமேல் பழியைப் போட்டார்கள்! நுரையீரல் தூசி நோய்க்கு இழப்பீடு தரும் தனிச் சட்டம் 1979-ல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்குள் பெரும்பாலான குவாரிகள் மூடிவிட்டன. 2021-ல் அந்த மலைப்பகுதி யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது.

நம் நாட்டில்?

இந்தியாவில் சிலேட்டு என்றால் ஆந்திராவின் மார்க்காபுரம். பல தலைமுறைப் பிள்ளைகள் எழுதிய கற்பலகை அந்த ஊரில் இருந்து போனது. நோட்டும் பிளாஸ்டிக் சிலேட்டும் வந்த பிறகு, அங்கே தரைக்கும் சுவருக்கும் ஒட்டுகிற கல்லாக அது மாறியிருக்கிறது.

குச்சிக்குப் பேர்போனது மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர். அங்கே கல்லை மின்சார ரம்பத்தில் அறுத்துக் குச்சியாக்கினார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே 593 தொழிலாளர்களைப் பரிசோதித்து, 1985-ல் முடிவை வெளியிட்டது. 54.6 சதவிகிதம் பேருக்கு சிலிகோசிஸ். ஆய்வைத் தொடர்ந்த சில மாதங்களிலேயே இறந்துபோனவர்களின் சராசரி வயது 35-ஐத் தொடவில்லை. இவர்களுக்காகவே நல நிதிச் சட்டம் ஒன்றை 1982-ல் மத்தியப் பிரதேச அரசு கொண்டுவந்தது.

உள்ளே போனால் என்ன ஆகும்?

நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள் இது. மூக்கில் சிக்காது, இருமினாலும் வராது. நேரே நுரையீரலின் காற்றுப்பைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருக்கும் பாதுகாப்புச் செல்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாங்களே செத்துப்போகும். அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம்.

இதில் இன்னொரு சிக்கல், டி.பி. சிலிகா படிந்த நுரையீரலில் டி.பி சுலபமாகத் தொற்றும். இரண்டுக்கும் இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு என்று அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் சிலிகோசிஸை டி.பி என்றே நினைத்து, மாத்திரை போட்டுக்கொண்டே தூசி வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1997-லேயே இந்தச் சிலிகா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

'எங்க ஊர்ல சிலேட்டு குவாரி இல்லையே ப்ரோ!'

சரிதான். ஆனால் நாட்றம்பள்ளியில் இருந்து கிருஷ்ணகிரி ரோட்டில் வண்டியை விடுங்க. பர்கூர் தாண்டும்போது கிரானைட் பாளங்கள் கண்ணில் படும். கிரானைட்டில் கால் பங்கு அளவுக்கு சிலிகா இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலை குடும்பங்களில் குரோமியம் என்றால் எல்லாருக்கும் தெரியும். கல் அறுக்கப் போகிற தம்பிக்கு சிலிகா என்ற பெயர் தெரியுமா?

புது ஃபிளாட்டுகளின் கிச்சனில் இப்போ பளபளக்கிற செயற்கை குவார்ட்ஸ் மேடை இன்னும் மோசம். பலவற்றில் 90 சதவிகிதம்வரை சிலிகாதான். அதை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. பயப்படாதீங்க, மாட்டிய மேடையால் உங்களுக்கு ஆபத்து இல்லை. அறுக்கிறவருக்குத்தான் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* தண்ணீர்தான் முதல் மருந்து: கல்லையோ டைல்ஸையோ தண்ணீர் விட்டபடி அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். உங்க வீட்டு வேலையிலும் மேஸ்திரியிடம் இதைக் கேளுங்க.

* கர்ச்சீஃப் போதாது: துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது. முகத்தோடு பொருந்துகிற என்-95 மாஸ்க் வேண்டும். அதுவும் தண்ணீருக்கு அடுத்தபடிதான்.

* துடைப்பம் வேண்டாம்: காய்ந்த தூசியைப் பெருக்கினால் மறுபடி பறக்கும். ஈரமாக்கி அள்ளுங்க. வேலைத் துணியை உதறாமல் தனியாகத் துவைங்க.

* டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்க: 'இத்தனை வருஷம் கல் பட்டறையில் இருந்தேன்' என்ற ஒரு வரி ரொம்ப முக்கியம். மார்பு எக்ஸ்-ரேயோடு டி.பி-க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்க.

* உரிமை இருக்கு: சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய், இழப்பீடு கேட்கலாம். குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலை செய்த இடத்தின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எக்ஸ்-ரே எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைங்க. வழக்கு என்று வந்தால், 'அங்கே வேலை பார்த்தேன்' என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

கடைசியாக, பல்பம் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தின்பதால் சிலிகோசிஸ் வராது, மூச்சில் போனால்தான் வரும். ஆனால் கல், மண், சாக்பீஸ் தின்னத் தோன்றுவது ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். ஆன்லைனில் இன்னொரு பாக்கெட் ஆர்டர் போடுவதற்கு முன்னால், ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க!