எல்லைக்கு அப்பால் போன மலை: பொன்னேரி வட்டாரத்தின் காட்டுநடையும் அதன் சட்டமும்

பொன்னேரி வட்டத்தில் மலை கிடையாது. நெல்வயலும் ஏரியும் உப்பங்கழியும்தான். ஆனால் அந்த மண்ணைக் கொண்டுவந்து பரப்பிய ஆரணியாறு மலையில் பிறந்தது. நகரி, நாகலாபுரம் மலைப்பகுதியின் மழைநீரை வாங்கிக்கொண்டு, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பொன்னேரிக்கு வந்து பழவேற்காட்டில் கலக்கிறது. சென்னையில் தோளில் பை மாட்டிக் காடு ஏறப் புறப்படும் இளைஞர்கள் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் போவது இந்த ஆற்றுக்கு நீர் தரும் மலைத்தொகுதிக்குத்தான். பேச்சுவழக்கில் அது ‘தடா’ அல்லது ‘நாகலா’. சட்டப்படி அது வேறு மாநிலம், வேறு வனத்துறை.

சென்னைக்கு வடக்கே நடப்பதற்குக் காடு இருக்கிறது; நடக்க உரிமையுள்ள தடம் ஏறக்குறைய இல்லை. இது நிலம் செய்த குறை அன்று. 1960இன் எல்லைக் கோடும், காட்டுக்குள் வரும் மனிதரை ஊடுருவியவர் என்றும் சீட்டு வாங்கியவர் என்றும் மட்டும் பிரித்துப் பார்க்கும் வனச்சட்டமும், விபத்து நேர்ந்த பிறகு மட்டுமே விழித்துக்கொள்ளும் நிர்வாகமும் சேர்ந்து உண்டாக்கிய குறை. அனுமதிச் சீட்டுகளைப் பெருக்கி இதைத் தீர்க்க முடியாது. தடத்தின் காவலை அதன் ஓரத்தில் வாழ்பவர் கையில் கொடுத்தால் ஓரளவு தீரும்.

எல்லையிலிருந்து தொடங்கலாம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் அங்கே போயின. வடக்கெல்லைப் போராட்டம், ம.பொ.சி., படாஸ்கர் தீர்ப்பு என்ற வரிசையில் அந்தக் கதை தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்து திருத்தணி திரும்பியதைக் கொண்டாடுகிறோம். கொடுத்ததை அவ்வளவாக நினைப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு சார்ந்த கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கிராமங்களை மொழிவாரியாக எண்ணிப் பிரித்தவர்கள் ஆற்றின் நீர்ப்பிடிப்பையோ மாட்டுத்தடத்தையோ கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. விளைவு என்னவென்றால், பொன்னேரி தாலுகாவின் மேற்குத் தோளாக இருந்த குன்றுப்பகுதி ஒரே நாளில் அயல் ஆட்சிக்கு உரியதானது. உப்பலமடுகு அருவியை நாம் ‘தடா அருவி’ என்கிறோம். அது தடாவில் இல்லை, வரதய்யபாளையம் மண்டலத்தில் இருக்கிறது. அந்த மண்டலம் முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். ரயிலில் இறங்கும் நிலையத்தின் பெயரை அருவிக்கு வைத்துவிட்ட சென்னைவாசிக்கு இந்த நிர்வாக விவரம் எதுவும் தேவைப்பட்டதில்லை, ஒரு சிக்கல் வரும்வரை.

சிக்கல் வரும் விதத்தைச் சற்றுக் கிட்டப் பார்க்கவேண்டும். இந்தக் குன்றுகள் உயரமானவை அல்ல. ஆபத்து ஏற்றத்தில் இல்லை, ஓடையில் இருக்கிறது. வழி நெடுகப் பாறைகளுக்கிடையே தெளிந்த நீர்த்தேக்கங்கள். கரையில் முழங்கால் அளவு, இரண்டு எட்டு தள்ளினால் ஆள் மூழ்கும் ஆழம். பாறையில் படிந்த பாசி கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்குச் சொல்லாமலே வந்து சேரும். விடுமுறை நாளில் நீச்சல் தெரியாமல் இறங்கி இறந்த சென்னை மாணவர்களைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருவதற்குக் காரணம் இதுதான். வழக்கு அங்கே பதிவாகும், பிரேதப் பரிசோதனை அங்கே நடக்கும், பெற்றோர் இங்கிருந்து ஓடுவார்கள். இரு மாநில வனத்துறைகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றை நடப்பவர் யாரும் அங்கே காண்பதில்லை.

எல்லைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அனைவரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். அதற்குப் பிறகும் வாரயிறுதிகளில் சென்னைப் பைகள் அதே மலைத்தொடரின் தென்கிழக்கு ஓரத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ஒரே காடு, காலில் விலையுயர்ந்த ஷூ போட்டவர் வழி தவறினால் தேடல் படை வரும், வெறுங்கால்காரர் வழியில் தென்பட்டாலே சந்தேகம் வரும். நடைத்தடம் பற்றிய எந்த ஆய்வும் இந்த ஏற்றத்தாழ்வைத் தாண்டிக் குதித்துவிட்டு இயற்கை அழகைப் பேச முடியாது.

சட்டத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் வழியில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் நுழைவதை 27ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. எதற்காக அனுமதி தரலாம் என்பதை 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா என்று பட்டியல் போகிறது. நடை தனியாக இல்லை. சுற்றுலாவின் கீழ் ஒடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். சென்னை நகருக்குள்ளேயே 1978இல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது; பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். மக்களுக்குத் திறந்திருப்பது அதன் ஓரத்திலுள்ள சிறுவர் பூங்கா. அவ்வளவு சிறிய காட்டை மூடிவைப்பதில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் மும்பையில் இதே மத்தியச் சட்டத்தின் கீழ்தான் ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இயங்குகிறது. அங்கே சிறுத்தை உலவுகிறது, கான்ஹேரி குகைக்கு மக்கள் போகிறார்கள், ஷிலோண்டா போன்ற தடங்களில் வழிகாட்டியோடு நடக்கிறார்கள். ஆகவே தடுப்பது சட்டத்தின் எழுத்தன்று.

பெருநகருக்கு அருகே காட்டுநடை எப்படி நிலைபெற்றது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னியை உதாரணம் காட்டுவது வழக்கம். ராயல் தேசியப் பூங்கா 1879இல் அமைந்தது. மைல்ஸ் டன்ஃபியும் நண்பர்களும் 1914இல் மலைத்தடக் கழகம் தொடங்கி, நடந்த வழிகளைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் புளூ கம் காட்டை ஒரு குத்தகைதாரர் அழிக்க இருந்தபோது, நடையர்கள் 130 பவுண்டு திரட்டிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். நடப்பவரே காவலர் ஆவார் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்த வரைபடங்கள் அக்காட்டை ஆளற்ற இடமாகவே கண்டன. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த குண்டுங்குர்ரா மக்கள் அவற்றில் இல்லை. நாம் அந்த உதாரணத்தை எடுத்தால் பாதியைத்தான் எடுக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் நடைக்கழகங்கள் வளர்ந்தது தாமதமாக. 2008இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப் இணையம் வழியே ஆயிரக்கணக்கானோரை இந்தக் குன்றுகளுக்குக் கொண்டுசென்றது; குப்பை அள்ளும் முகாம்களையும் நடத்தியது. பிறகு 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு தொடங்கியது: இணையத்தில் முன்பதிவு, தலைக்குக் கட்டணம், பழங்குடி மற்றும் வனக்கிராம இளைஞர்கள் வழிகாட்டிகள், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலத்துக்காக மூடல். பழைய நிலையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதன் சட்டகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்சரிவை மனத்தில் வைத்தது. திருவள்ளூரில் வடகிழக்குப் பருவமழை மார்கழியில்தான் ஓய்கிறது; ஏப்ரலுக்குப் பிறகு வெயில் யாரையும் நடக்க விடாது. மீதி இரண்டு மாதம். இங்கே விதி கவனிக்கவேண்டியது முதலில் நீர், பிறகுதான் நெருப்பு.

பழவேற்காட்டிலும் இதே வரிசைதான். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. படகு நிற்கவில்லை, கணக்கில் இல்லாமல் ஓடுகிறது. உயிர்காப்புச் சட்டை கேட்டால் படகுக்காரர், “தடை பண்ணின சவாரிக்குச் சட்டை எங்கேருந்து சார் வரும்?” என்பார். அந்தப் பதிலில் நிர்வாகவியல் பாடம் முழுதும் இருக்கிறது. தடை ஆபத்தைக் குறைப்பதில்லை. ஆபத்தைப் பொறுப்பிலிருந்து பிரித்துவிடுகிறது.

இனி நாற்பதில் திருவள்ளூருக்குக் கிடைத்த தடமான குடியம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, அல்லிக்குழி மலைப்பகுதியில் உள்ள பாறைக்குடை அது. முட்புதர்க் காட்டில் களாவும் சூரையும் சட்டையைப் பிடித்து இழுக்கும் ஒற்றையடிப் பாதை. குகையின் கீழ் நின்று அண்ணாந்தால் கூரை முழுவதும் உருண்டைக் கற்கள், பலாச்சுளை பிதுங்குவதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய ஆறு உருட்டிய குவார்ட்சைட் கூழாங்கற்கள் இறுகிப் பாறையானவை. விளிம்பில் மலைத்தேன் கூடுகள் கறுத்துத் தொங்கும். அங்கே உரக்கப் பேசக்கூடாது, புகைக்கக்கூடாது என்று வழிகாட்டி சொல்வது ஒழுக்கப் போதனை இல்லை, தேனீயைப் பற்றிய தகவல். உள்ளே அம்மன் வழிபாடு நடக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கே.டி. பானர்ஜி இங்கே அகழ்ந்தார். கருவிகள் குறைவாகவே கிடைத்ததால் ஆட்கள் நெடுநாள் தங்கிய இடமாக இது கருதப்படவில்லை. அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தை ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கண்டறிந்தனர். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் அகழாய்வு அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுக்குக் கொண்டுபோனது (2011). இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் தோன்றியதாக 2018இல் காட்டியது. கருவிக்கான கல் இக்குன்றுகளில் உதிர்ந்து கிடக்கிறது. காலடியில் கிடப்பதைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள அங்கே எப்போதும் ஓர் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை வரும் ஜீப் போதாது.

அந்த ஆள் இருளர். 1970களில் பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது இவர்களின் காட்டறிவு குற்றமாகிப்போனது. 1978இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே அறிவை நச்சுமுறி மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றிக் காட்டியது. நடைத்தடத்திலும் அந்த மாற்றம் சாத்தியம். ஆனால் இன்றைய ஏற்பாட்டில் அவர் நாள்கூலி வழிகாட்டி. தடம் எது, ஒரு நாளைக்கு எத்தனை பேர், எப்போது மூடுவது என்பதில் அவருக்குச் சொல் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(1) பிரிவில், சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. கிராமசபை அந்த உரிமையைப் பெற்றால் வனத்துறையோடு தடத்தின் கூட்டுக் காவலராகலாம். கட்டணத்தின் பங்கும் ஊருக்கு வரும்.

மறுப்பு ஒன்று உண்டு. கூட்டம் பெருகினால் குப்பையும் மதுப்புட்டியும் பெருகும், முட்புதர்க் காடு தாங்காது என்பது. உண்மை, உப்பலமடுகுக்குப் போனவர் அறிவார். ஆனால் அங்கே வாயிலில் சீட்டு கிழிக்க ஆள் உண்டு, உள்ளே தடத்தை ஊராகக் கருதுபவர் இல்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் ‘மக்கள் வந்தால் கெடும்’ என்பது சோம்பல்.

யாருக்காக இந்தத் தடம் என்பதும் கேள்விதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலை ஷிப்ட் முடித்து வரும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் பொன்னேரிக் கல்லூரி மாணவிக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா என்று ஓடும் புறநகர் ரயிலின் டிக்கெட்டை ஒட்டியே அவர்களின் நடை அமையவேண்டும். குடியத்துக்குச் சொந்த வண்டி இல்லாதவர் போய்வருவது இன்று பாடு. பொன்னேரியிலிருந்து ஆரணியாற்றங்கரை வழியாகப் பழவேற்காட்டு ஏரிவரை நடைவழி ஒன்றை அமைக்கலாம். ஏரி 1980 முதல் சரணாலயம் ஆகையால் அதன் ஓரத்துக்கு 28ஆம் பிரிவின் அனுமதி போதும், காவலுக்கு மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. பூநாரை வரும் மாதங்களும் நடக்க ஏற்ற மாதங்களும் ஒன்றே என்பதால் எந்தப் பகுதியை, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதை முதலில் அவர்களிடமே கேட்டு முடிவுசெய்யவேண்டியிருக்கும். தடா வழிக்கு இரு மாநில வனத்துறைகளும் ஒரே தொலைபேசி எண்ணும், மேலே மழை பெய்தால் கீழே வாயிலை மூடும் ஏற்பாடும் செய்தாலே பாதி மரணங்கள் தவிரும் என்பது என் கணிப்பு. பிச்சாட்டூர் அணை திறக்கும்போது ஆரணியாற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை எல்லை தாண்டி இன்றும் வருகிறது. நீருக்குச் செய்வதை நடப்பவருக்குச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.