பொற்பலகை ஓவியமும் ஒரு மொழிபெயர்ப்பும்

1311ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இத்தாலி தேசத்துச் சியனா நகரில் கடைகள் அடைக்கப்பட்டன. மணிகள் முழங்க, மக்கள் விளக்கேந்தி உடன்வர, துச்சியோ என்னும் ஓவியர் தீட்டிய பெரும் பலகை ஓவியம் அவருடைய பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகச் சென்றது. பொன் வேய்ந்த பின்னணியில், குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியன்னையின் திருவுருவம் அது. தேரோட்டம் கண்டு வளர்ந்த நமக்கு அன்றைய கோலாகலத்தை மனக்கண்ணில் காண்பது அரிதன்று.

அப்பலகை 1771இல் அறுத்துப் பிரிக்கப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே அதனைச் செய்யும் கலையும் அறுந்துபோயிருந்தது. எண்ணெய் வண்ணம் பரவவே, மேற்கு ஐரோப்பாவில் முட்டைக் கருவில் குழைத்துத் தீட்டும் பழைய முறை வழக்கொழிந்தது. கைமாறிக் கைமாறி வந்த வித்தையைக் கற்பிக்க ஆசான் இல்லை.

எஞ்சியது ஒரு நூல். 1400ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி என்பவர் எழுதியது. ஜியோத்தோ என்னும் பேரோவியரின் சீடர் பரம்பரையில் வந்த இவர், தாம் கற்றதனைத்தையும் சமையற் குறிப்புப்போல் எழுதி வைத்தார். பாப்ளர் மரப் பலகைக்குத் தோற்பசை பூசுக. பழந்துணியை அதன்மேல் ஒட்டுக. ஜிப்சச் சாந்தை எட்டு முறையேனும் பூசித் தந்தம்போல் வழவழப்பாகச் சுரண்டுக. செம்மண்ணை முட்டையின் வெண்கருவில் குழைத்துப் பூசித் தங்க ரேக்கை ஒட்டுக. கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்து மெருகிடுக. முகத்துக்கு முதலில் பச்சை மண் பூசி, அதன்மேல் செவ்வண்ணம் ஏற்ற வேண்டும். இளையோர் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சட் கரு. முதியோர்க்கும் கருநிறத்தோர்க்கும் நாட்டுப்புறக் கோழியின் செங்கரு. இத்தனை நுட்பம்!

கையெழுத்துப் பிரதிகளில் உறங்கிக் கிடந்த இந்நூல் 1821இல் ரோமாபுரியில் அச்சேறியது. 1844இல் மெரிஃபீல்டு அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1899இல் கிறிஸ்தியானா ஹெரிங்ஹாம் அம்மையார் மீண்டும் பெயர்த்தார். அவர் அகராதியோடு நிற்கவில்லை. தாமே முட்டை உடைத்து, வண்ணம் குழைத்து, நூலின் கூற்றுக்களைக் கையால் சோதித்தறிந்து குறிப்பெழுதினார். 1901இல் முட்டை வண்ண ஓவியர் சங்கம் ஒன்று இங்கிலாந்தில் தோன்றியதற்கு அவரும் ஒரு காரணர்.

அந்த அம்மையாரே பின்னர் நம் நாட்டுக்கு வந்தார். 1909 முதல் 1911 வரையில் இரு குளிர்காலங்களில் அஜந்தாக் குகைச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார். நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார், மைசூர் வெங்கடப்பா முதலிய இளைஞர்கள் அவருக்குத் துணை நின்றனர்.

இன்று ஆலயப் பீடங்களுக்குப் புதிதாகப் பலகை ஓவியம் சமைப்போரிற் பலர் பாப்ளருக்குப் பதிலாக ஒட்டுப்பலகையைக் கொள்கின்றனர். ஆனால் பசை, சாந்து, செம்மண், பொன், முட்டை என்னும் வரிசை சென்னினோ வகுத்ததே.

நாள்தோறும் அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்குவது என் தொழில். சொல்லுக்குச் சொல் வைத்தால் பணி முடிந்தது என்று இருந்தவன் நான். இவ்வரலாறு என்னை நாணச் செய்தது. அயல் மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களிலும் முதியோர் கையோடு மறையவிருக்கும் வித்தைகள் உண்டு. ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். எழுதுமுன் ஒருமுறை நாமே செய்து பார்ப்போம்.