உருக்கின் ஏடு யாருடையது?
லக்கலக் கத்தியை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வாளுக்கு வரலாறு உண்டு. கத்திக்கு வரலாறு இல்லை. அரசன் ஏந்திய கருவி காவியத்திலும் கல்வெட்டிலும் இடம்பெற, காடு வெட்டவும் காய் நறுக்கவும் பயன்பட்ட கருவி ஏடேறாது போயிற்று. இஃது தற்செயலன்று. எக்கருவி எழுதப்படுதற்குரியது என்பதனை எழுத்தைத் தம் உடைமையாகக் கொண்டிருந்தோரே தீர்மானித்து வந்துள்ளனர். இக்கூற்றினை மாத்தளை மாவட்டத்தின் லக்கலப் பிரதேசத்தைத் தளமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளை அண்டிக் கிடக்கும் லக்கல, நெல்லோடு சேனைப் பயிர்ச்செய்கையையும் நெடுங்காலம் நம்பி வாழ்ந்த பூமி. சேனைக்காரனின் முதற் கருவி காடு வெட்டும் கத்தி. அதே மலைத்தொடரின் மேற்புறத்தே, றத்தோட்டையை அண்டிய தோட்டங்களில், தமிழகத்தினின்று கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கையிலிருந்தது கவ்வாத்துக் கத்தி. சிங்களக் குடியானவனின் கத்தியும் தமிழ்த் தொழிலாளியின் கத்தியும் ஒரே மலையின் இருபுறத்தும் உழைத்தன. எனினும் இவ்விரண்டையும் ஒரே வரலாற்றில் வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே தோன்றவில்லை.

உருக்கினைத் தரம் பிரித்து எழுதிவைக்கும் மரபு மிகப் பழையது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, கலீபா அல்-முத்தசிமுக்காக வாள்களைப் பற்றி எழுதிய நூல் இத்துறையின் முன்னோடி. இரும்பின் இயல்பு, செய்யப்பட்ட நாடு ஆகியவற்றைக் கொண்டு வாள்களை அவர் வகைப்படுத்தினார். அவ்வகைகளுள் ஒன்று செரந்தீப் உருக்கு; அதாவது நமது தீவின் உருக்கு. அது கடல் கடந்து சென்று வேற்று நாட்டுப் பட்டறைகளிலும் வாளாயிற்று. ஆயின் இந்நூல் வாங்குவோனின் கண்கொண்டு எழுதப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. எது நல்லது, எது போலி என அறிய விழைந்தவன் வாளை அணிபவனே. உலையின் முன் நின்றவனுக்கு இத்தகைய நூல் தேவைப்படவில்லை. அவன் அறிவு கையில் இருந்தது.

அவ்வறிவின் பெருமையை மண் பிற்காலத்தில் வெளிப்படுத்திற்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவவில் நீர்மின் திட்டத்தின் பொருட்டு நடைபெற்ற ஆய்வின்போது, கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர், பருவக்காற்றின் விசையால் இயங்கிய இரும்புருக்கு உலைகளைக் கண்டறிந்தார். மலைமுகடுகளில் மேற்கு நோக்கி அமைந்த 77 உலைத்தளங்கள் அங்கு பதிவாயின. 1994இல் அவ்வமைப்பிலேயே உலை கட்டி இரும்பு உருக்கிக் காட்டினார். 1996இல் முடிவுகள் வெளியாயின. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரியது இத்தொழில். மாத்தளை மாவட்டத்திலேயே, சீகிரியாவை அண்டிய தெஹிகஹ-அல-கந்தவில், இதனினும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பேருலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

மூசை உருக்கின் செய்முறையை முதன்முதல் விரிவாகப் பதிவுசெய்தோருள் ஆனந்த குமாரசுவாமி குறிப்பிடத்தக்கவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இருந்த அவர், ஏறத்தாழ அற்றுப்போயிருந்த இத்தொழிலைப் பலாங்கொடைப் பகுதியில் கண்டெழுதினார். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரை மரச் சிராய்களுடன் களிமண் மூசையிலிட்டு மூடி, துருத்தியூதிக் காய்ச்சுவர். மரத்தின் கரிமம் இரும்பிற் கலந்து அது உருக்காகும். ஆவாரையைப் பயன்படுத்தும் இதே முறை தென்னிந்தியாவிலும் வழங்கிற்று. எனவே இவ்வறிவு சிங்களவருடையதா, தமிழருடையதா என வழக்காடுவது வீண். கடலின் இருகரையிலும் உலையின் முன் நின்ற மக்கட் கூட்டத்தினரின் பொதுவுடைமை அது. குமாரசுவாமி தம் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலை 1908இல் வில்லியம் மொறிஸின் அச்சியந்திரத்திலேயே அச்சிட்டார் என்பதும் சுவையான செய்தி. எனினும் மொறிஸ் கண்ட வர்க்கப் போராட்டத்தை அவர் காணவில்லை. சாதியால் பிணிக்கப்பட்டு அரசனுக்கு இராசகாரியம் செய்த கொல்லரின் வாழ்வை இசைவுற்ற ஒழுங்காகவே அவர் சித்திரித்தார்.

அவ்வொழுங்கு குலைந்தமைக்குக் காரணம் யாது? 1815இல் கண்டி வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியது முற்போக்கானதே. ஆயின் விடுதலை பெற்ற கொல்லன் முன் வந்து நின்றது ஆலையிற் செய்த மலிவான இறக்குமதி இரும்பு. காடுகள் முடிக்குரிய நிலமாகித் தோட்டங்களாக மாறியபோது உலைக்கு வேண்டிய கரியும் அரிதாயிற்று. உருக்குவோன் மறைந்தான், அடிப்போன் மட்டும் எஞ்சினான்.

இதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது கவனிக்கற்பாலது. ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் 1795 முதல் அங்கு ஆராயப்பட்ட இந்திய உருக்கினை, ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் பலவாறு சோதித்துச் சிறந்ததெனக் கண்டார். கொல்லர் மகனாகிய மைக்கல் பரடே அவருடன் இணைந்து 1820இலும் 1822இலும் உருக்குக் கலப்புகள் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். அங்கே கொல்லனின் அறிவும் ஆய்வுகூடமும் சந்தித்தன. இங்கே கொல்லனுக்கும் ஏட்டுக்கும் இடையே சாதியும் காலனித்துவமும் சுவராக நின்றன.

இன்று நம் நாட்டுக் கொல்லர் பெரும்பாலும் பழைய லொறிகளின் வில்தகட்டையே கத்தியாக அடிக்கின்றனர். மூசை உருக்கில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை கரிமம் இருந்தது; வில்தகட்டில் அதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே காய்ச்சும் நிறமும் தோய்க்கும் பதமும் வேறு. இம்மாற்றத்தைக் கொல்லன் எந்நூலையும் படிக்காமல், பட்டறையிலேயே சோதித்துக் கற்றுக்கொண்டான். மிகத் தோய்ந்தால் வாய் உடையும், போதாவிடின் மடியும். பிழையை முதலில் அறிவது வெட்டுபவனின் தோள். உருக்கின் உண்மையான மதிப்பீடு அங்கேதான் நிகழ்கின்றது. அது மட்டும் எழுதப்படுவதில்லை.

களுகங்கை நீர்த்தேக்கத்தால் பழைய லக்கல-பல்லேகம நகர் நீருள் அமிழ்ந்தது. 2018இல் புதுநகர் திறக்கப்பட்டது. நீர் வேண்டாமென்று எவரும் கூறார். ஆயின் சமனலவெவவில் அணை வருமுன் தொல்லியலாளர் சென்று மண்ணைப் படித்தனர். மனிதர் இடம்பெயரும்போது அவர்தம் கையறிவைப் படிக்க யார் செல்கின்றனர்? சேனைக் காட்டை விட்டகன்ற குடும்பத்தில், எந்தக் கத்தி எந்த மரத்துக்கு என்ற அறிவு அடுத்த தலைமுறைக்குத் தேவையற்றதாகிவிடும்.

ஆகவே உருக்கின் ஏடு ஒன்று மீண்டும் எழுதப்படல் வேண்டும். எந்த இரும்பு, எவ்வாறு காய்ச்சப்பட்டது, எதிலே தோய்க்கப்பட்டது, எவ்வேலைக்கு, எத்தனை நாளைக்கொரு முறை தீட்டப்பட்டது என்பவற்றை அடித்தவனிடமும் வெட்டியவளிடமும் கேட்டு, அவர்தம் சொற்களிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் பதிதல் வேண்டும். புதிய கத்தியும் புதிய உருக்கும் வருந்தோறும் அவ்வேடு திருத்தப்படல் வேண்டும். சங்க நூல்களில் கொல்லனின் உலையை உவமையாகப் பயின்ற நாம், உலையையே பயிலும் கடப்பாடும் உடையோம். அல்-கிந்தியின் ஏடு கலீபாவுக்காக எழுதப்பட்டது. இனி எழுதப்படும் ஏடு உழைப்போருக்காகவும் உழைப்போராலும் எழுதப்படின், லக்கலச் சேனைக் கத்தியும் றத்தோட்டைக் கவ்வாத்துக் கத்தியும் அதன் ஒரே பக்கத்தில் இடம்பெறும்.