நட்டஈடு யாருக்கு?

அடிமைமுறையை ஒழித்தபோது நட்டஈடு யாருக்குக் கிடைத்தது? நம் வாசிப்பு வட்டங்களில் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. அடிமைகளுக்கு என்றுதான் நாம் எண்ணுவோம். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு ஆண்டைகள் பக்கமே போனது. சுமார் 8 லட்சம் மனிதர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை போட்டார்கள். 'சொத்து' பறிபோனது ஆண்டைக்கல்லவா! உழைத்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் கூலியில்லாமல் பாடுபட்டார்கள். நட்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்தது. அதுவரை வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களும் உண்டு.

ஹைட்டியில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே அடிமைகள் தாங்களே போராடி 1804இல் விடுதலை பெற்றார்கள். 1825இல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர்களிடமே 15 கோடி ஃபிராங்க் கேட்டது பிரான்ஸ். முதல் தவணையைக் கட்டவே பாரிஸில் கடன் வாங்கினார்கள்.