ஸ்டாம்ஃபோர்டின் கல் வீடுகள்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் தென்கோடியில், வெல்லண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சிறுநகரம் ஸ்டாம்ஃபோர்டு. இங்கே 600-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. 1967-இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதும் இந்த ஊரே. காலடியில் சுண்ணாம்புக்கல் கிடைத்தது, அதனால் கல்லில் கட்டினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வீடுகளின் உட்புறம் அப்படிச் சொல்லவில்லை. செதுக்கிய கல் முகப்புக்குப் பின்னால் பல வீடுகளில் நிற்பது மரச்சட்டம். அருகிலுள்ள பார்னக் கற்குவாரிகளின் சிறந்த கல் இடைக்காலத்தில் படகேறி பீட்டர்பரோ, ஈலி பேராலயங்களுக்குப் போனது. நகரத்தார் பெரும்பாலும் மரவீடுகளிலேயே வாழ்ந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கல் நிலவறைகள் இன்றும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை கல்லுக்குச் செலவிட முடிந்த சில வணிகர்களின் செல்வத்தையே காட்டுகின்றன, ஊர் வழக்கத்தை அல்ல.

கல் தெருமுழுதும் பரவியது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில். லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலை ஊரின் நடுவே ஓடியது; கோச்சு வண்டிகளும் விடுதிகளும் பணம் கொண்டுவந்தன. அந்தப் பணத்தில் பழைய மரவீடுகளுக்குப் புதிய கல் முகப்பு எழுந்தது. அருகிலுள்ள கெட்டன் ஊர்க் கல்லின் நுண்மணிகள் உளிக்கு நன்கு இணங்கின. கூரைக்கு வந்த காலிவெஸ்டன் பலகைக்கல்லின் கதை அழகானது: தோண்டிய பாளங்களை ஈரம் காயாமல் குளிர்காலத்தில் வெளியே போட்டு வைப்பார்கள், உள்நீர் உறைந்து விரிந்து கல்லை ஏடு ஏடாகப் பிரிக்கும். பெரிய ஏடுகள் இறவாணத்திலும், சிறியவை முகட்டிலும் அடுக்கப்பட்டன.

இந்த வீடுகள் இடிபடாமல் தப்பியதற்கு, அப்பகுதியின் பெருநிலக்கிழாரான எக்ஸெட்டர் பிரபு ரயிலை ஊருக்குள் விடாததே காரணம் என்பார்கள். அது பொருந்தாது: லண்டனிலிருந்து வடக்கே செல்லும் ரயிலின் முதன்மைப் பாதை பீட்டர்பரோ வழியே போனபோது, 1856-இல் அந்தப் பாதையிலுள்ள எசென்டைனுக்குக் கிளைப் பாதை அமையத் துணைநின்றவர் அதே பிரபுதான். உண்மைத் தடை நிலத்தில் இருந்தது. ஊரைச் சுற்றிய பொதுவயல்கள் 1870-கள் வரை தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை. அதுவரை ஊர் வெளியே விரிய இடமில்லை. இதற்கிடையே கோச்சு வணிகமும் ஒடுங்கிவிட்டதால், அந்த ஜார்ஜிய காலக் கல் முகப்புகளை இடித்து விக்டோரிய முகப்பு எழுப்பும் அளவுக்குப் பெரும்பாலான தெருக்களில் பணம் சேரவில்லை.