பட்டாளத்துக் குடும்பமும் கண் மருத்துவமும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் இருநூறு ஆண்டுகள்

படைவீரரின் குடும்பத்துக்குக் கண் மருத்துவம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி, அந்தக் குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வியோடு சேர்த்தே ஆராயத்தக்கது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக் காலத்தில் சிப்பாயின் மனைவி மக்கள் அவனோடு பாளயத்திலேயே வாழ்ந்தார்கள். இன்றோ படைவீரர் லடாக்கிலோ அசாமிலோ பணியில் இருக்க, அவருடைய பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த இடமாற்றத்தின் விளைவுகளைத் தெளிவாகக் காட்டும் வட்டாரங்களுள் சித்தூரும் திருப்பதியும் அடங்கும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதி, 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை பெரும்பாலும் வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது; வேலூர், ஆற்காடு ஆகிய படைநிலையங்களின் வாழ்வோடு ஒட்டியே இதன் வாழ்வும் அமைந்தது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே இன்றும் பெயர் பெற்றுள்ளது.

1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கும்பினியின் கைக்கு வந்தது. 1804, 1805 ஆகிய ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்களை ஒடுக்கப் படை அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். இக்காலத்துச் சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பணிக்குச் செல்வது வழக்கமாயிருக்க, சென்னைப் படையின் சிப்பாய்களோ குடும்பத்தையும் அழைத்துக்கொண்டே ஊர்விட்டு ஊர் சென்றார்கள். ரெஜிமெண்டின் குடிசை வரிசைகள் ‘லைன்’ எனப்பட்டன. சிப்பாய்களின் பிள்ளைகளில் சிலர் இளவயதிலேயே படைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுச் சிறு சம்பளம் பெற்றார்கள். பர்மா போன்ற கடல்கடந்த நாடுகளுக்குப் படை சென்றபோது மட்டும் குடும்பம் பின்தங்கியது; அப்போது சம்பளத்தில் ஒரு பங்கு குடும்பத்துக்கே நேராகச் சேருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது, குடும்பம் என்ற ஒன்று உண்டு என்பதைச் சம்பளக் கணக்கு ஏற்றுக்கொண்டிருந்தது.

மருத்துவக் கணக்கு அவ்வாறு ஏற்கவில்லை. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு மருத்துவமனை இருந்ததாயினும், சிப்பாயைச் சண்டைக்குத் தகுதியாக வைத்திருப்பதே அதன் நோக்கம். அக்காலத்தில் கண்ணைக் கெடுத்த நோய்களோ வீட்டைச் சுற்றியே வளர்ந்தவை. பெரியம்மை வந்து தப்பிய சில குழந்தைகளுக்குக் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நிற்கும். ஊரார் அதைக் கண்ணில் பூ விழுந்தது என்றார்கள். உணவில் உயிர்ச்சத்து ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண்ணும், பின் கருவிழி உருகிப் போவதும் நேரும். இமையின் உட்பகுதியைத் தாக்கும் தொற்றுநோயான டிரக்கோமா, ஈயாலும் துணியாலும் கையாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடமிருந்து தாய்க்கும் பரவும். நெருக்கமான லைன் குடிசைகளில் இந்நோய்கள் சிப்பாயை மட்டும் குறிவைத்து வருவதில்லை என்பதால், அவனுக்கு மட்டும் அளிக்கும் மருத்துவம் பாதி மருத்துவமாகவே முடியும்.

ஐரோப்பாவிலும் கண் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததற்குப் படையே ஒரு தூண்டுகோலாயிற்று. 1801-இல் எகிப்தில் பிரெஞ்சுப் படையோடு பிரிட்டிஷ் படை மோதியபோது, இந்தியாவிலிருந்தும் டேவிட் பேர்ட் தலைமையில் ஒரு படைப்பிரிவு அங்கே அனுப்பப்பட்டது. எகிப்திலிருந்து திரும்பிய வீரர்களிடையே கடுமையான கண்ணழற்சி பரவிப் பலர் பார்வையிழந்தனர். அந்தச் சூழலில் 1805-இல் ஜான் கன்னிங்காம் சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய மருந்தகமே பின்னாளில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையாக வளர்ந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1819-இல், கும்பினி அரசு ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரின் பொறுப்பில் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. 1880களில் எழும்பூரில் நிலைகொண்ட அம்மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இன்றும் இயங்குகிறது. சித்தூர், திருப்பதி மக்களுக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பெரிய கண் ஆஸ்பத்திரி என்றால் எழும்பூர்தான். ஆனால், சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இருப்புப்பாதை வரும் முன் அது பல நாள் வண்டிப் பயணம். பார்வை மங்கிய ஒருவர் அவ்வளவு தொலைவு போக வேண்டுமானால் துணைக்கு ஒருவர் தேவை; பட்டாளத்துக் குடும்பத்திலோ துணைக்குப் போகக்கூடிய ஆண்மகன் பல நேரங்களில் ஊரிலேயே இல்லை.

இந்த இடைவெளியில்தான் ஊர் ஊராகச் சென்று புரையைத் தள்ளிய வைத்தியர்கள் பிழைத்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்து ஒளியை மறைப்பதே கண்புரை. அதை வெளியே எடுக்காமல், கூரிய சலாகையைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியே செலுத்தி, வில்லையைப் பாவையின் பின்னிருந்து கீழே அழுத்தித் தள்ளிவிடுவது சுசுருத சங்கிதையிலேயே விவரிக்கப்பட்ட பழைய முறை. தள்ளிய நொடியில் நோயாளிக்கு வெளிச்சம் தெரியும். எதிரே நிற்பவரின் விரல்களை எண்ணிச் சொல்வார். வீட்டார் மகிழ்ந்து பணம் கொடுப்பார்கள். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு பலருடைய கண் சிவந்து, சீழ் வைத்து, அல்லது உள்ளழுத்தம் ஏறி, இருந்த வெளிச்சமும் அணைந்து போகும். அந்த வைத்தியரிடம் சென்றவர்களை அறியாதவர்கள் என்று பழிப்பது முறையன்று. வாசலுக்கு வந்த ஒரே கண் வைத்தியம் அதுதான்.

இந்தத் தீங்கைக் கணக்கெடுத்துக் காட்டியவர் ஒரு படை மருத்துவர் என்பது இவ்வரலாற்றில் முக்கியமானது. இந்திய மருத்துவப் பணி, அதாவது ஐ.எம்.எஸ்., அடிப்படையில் படைக்கான மருத்துவ அதிகாரிகளின் அமைப்பு. அதன் அதிகாரிகள் அமைதிக் காலத்தில் பொது மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாறு 1904 முதல் 1914 வரை எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஹென்றி எலியட், சலாகையால் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து வெட்டி ஆராய்ந்து, 1918-இல் அது பற்றித் தனி நூலே வெளியிட்டார். கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு அழியும் நோயான கிளாக்கோமாவுக்கு, விழிவெண்படலத்தின் ஓரத்தில் நுண்துளையிட்டு நீரை வடியச்செய்யும் அறுவை முறையை அவர் 1909-இல் வகுத்தார். உலகெங்கும் பல பத்தாண்டுகள் அது கையாளப்பட்டது. படைக்கென ஆள் எடுக்கப்பட்ட மருத்துவர்களே தென்னாட்டுக் கண் மருத்துவத்தை உருவாக்கினார்கள் என்றாலும், வட ஆற்காட்டுச் சிப்பாயின் தாய்க்கு அது எட்டுவது அவளுடைய கால்வலிமையையும் கைப்பணத்தையும் பொறுத்தே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் படையின் அமைப்பும் மாறியது. வடநாட்டவரே போர்க்குணம் மிக்கவர் என்ற கொள்கை வலுப்பெற்றதால் சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920களில் ஏறத்தாழ இல்லாமலே போயின. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. 1943 ஏப்ரல் 3 அன்று ராணுவ மருத்துவப் படையும் தனியே உருவாயிற்று. அதே ஆண்டில், போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் ஒரு புனர்வாழ்வு விடுதி நிறுவப்பட்டது. அதைத் தொடங்கிய சர் க்ளூத்தா மெக்கன்ஸி, முதல் உலகப் போரில் காலிப்போலியில் பார்வையிழந்தவர். உயர்ந்த பணிதான், ஆயினும் சித்தூரிலிருந்து டேராடூன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. போரால் கண்ணிழந்த வீரருக்கு அரசு ஓர் இடம் அமைத்தது. புரையால் கண்ணிழந்த அவர் தந்தைக்கு அத்தகைய இடம் எதுவும் இல்லை.

அந்தத் தந்தைக்கு உதவியவை பெரும்பாலும் படைக்கு வெளியே எழுந்த நிறுவனங்களே. ஐடா ஸ்கடர் 1902-இல் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக மாறியது. சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டரே என்பதால், ஆந்திரம், தமிழ்நாடு என இரண்டு மாநிலங்களாகப் பிரிந்த பின்னும் சித்தூர்க்காரர்கள் கண்ணுக்கு வேலூர் போவதை விடவில்லை. விக்டர் ராம்போ என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1940களின் இறுதியில் அங்கு வந்த பின், மருத்துவர் குழு கருவிகளோடு கிராமத்துக்கே சென்று புரை அறுவை செய்யும் கண் முகாம்கள் பெருகின. திருப்பதியில் 1960-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், பின் அதனோடு இணைந்த ரூயா மருத்துவமனையும், 1993-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்விம்ஸ் என்ற உயர்மருத்துவ நிறுவனமும் வந்தன.

இந்த வரிசையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் வருகைக்குத் தனிப் பொருள் உண்டு. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு முன்னாள் படைவீரர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் ராணுவ மருத்துவராகச் சேர்ந்த அவர், கடுமையான முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போய் 1948-இல் படையை விட்டு விலகினார். அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவையைக் கற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் மருத்துவம் செய்தது. அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்சுகளைத் தயாரித்து விலையை வெகுவாகக் குறைத்தது. அதற்கு முன் புரை எடுத்தவர்கள் பல நாள் தலை அசையாமல் படுத்திருந்து, பிறகு ஆயுள் முழுதும் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு நடமாட வேண்டியிருந்தது. லென்சு வந்த பின் மறுநாளே வீடு திரும்ப முடிந்தது. தேவஸ்தானம் அளித்த நிலத்தில் அலிபிரி அருகே இம்மருத்துவமனையின் கிளை எழுந்தபோது, திருப்பதி வட்டாரம் தன் எல்லைக்குள்ளேயே பெரிய கண் மருத்துவமனை ஒன்றைப் பெற்றது.

படையின் பக்கத்திலிருந்து வந்த பதில் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். பட்டாளத்துக்காரர்கள் வாயில் அது ‘ஈ.சி.எச்.எஸ்.’ ஓய்வூதியம் பெறும் வீரரும், அவருடைய மனைவியும், அவரைச் சார்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் இதில் இடம்பெறுகிறார்கள். திட்டத்தின் மருந்தகமான பாலிகிளினிக்கில் முதலில் பார்த்து, தேவையானால் அங்கிருந்து பரிந்துரைச் சீட்டுப் பெற்று, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குச் செல்வது இதன் நடைமுறை. சித்தூரில் இத்தகைய பாலிகிளினிக் ஒன்று உண்டு. பரங்கிமலையிலோ பெங்களூரிலோ உள்ள ராணுவ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இதனால் பெரிதும் தளர்ந்தது.

எனினும் நோய்களின் இயல்பு மாறியிருக்கிறது. பெரியம்மை ஒழிந்தது, கண்ணில் பூ விழுவது அரிதாயிற்று, புரைக்கு ஒருமுறை சென்று வந்தால் போதும். கிளாக்கோமாவும் நீரிழிவால் விழித்திரை கெடுவதும் அப்படியல்ல. அவை வலியின்றி வளர்பவை; சில மாதங்களுக்கு ஒருமுறை என ஆயுள் முழுதும் பரிசோதனை கேட்பவை; ஒருமுறை போன பார்வையைப் பெரும்பாலும் திரும்பத் தராதவை. இத்தகைய நோய்க்குத் தொலைவில் உள்ள சிறந்த மருத்துவமனையைக் காட்டிலும் பக்கத்தில் உள்ள நல்ல மருத்துவமனையே பயன்படும். விடுமுறையில் வரும் மகன் அழைத்துப் போவான் என்று காத்திருக்கும் தாயின் கண், ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை.

இருநூறு ஆண்டு வரலாறு காட்டும் முடிவு இதுவே. தென்னாட்டின் கண் மருத்துவம் படையின் தேவையிலும் படை மருத்துவர்களின் உழைப்பிலும் வளர்ந்தது. ஆனால், பட்டாளத்துக் குடும்பத்துக்கு அது உண்மையில் கிடைத்தது, மருத்துவமனை அக்குடும்பம் குடியிருக்கும் ஊரை நெருங்கியபோதுதான். ஆகவே, இனி வகுக்கப்படும் எந்தத் திட்டமும் வீரர் நிற்கும் எல்லையிலிருந்தல்ல, அவருடைய தாய் தந்தையர் வாழும் வீட்டு வாசலிலிருந்தே தொலைவை அளக்க வேண்டும்.