கால் வெல்லாத பாறை

பெயரில்தான் கோட்டை, எங்கள் அதியமான்கோட்டை கிடப்பது சமதரையில். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து விதானத்து ஓவியங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான் உயரம். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் புகழ் ஒரு மலை விடரில் தொடங்குகிறது. எளிதில் ஏற முடியாத அந்த இடத்தில் கிடைத்த நெல்லிக்கனியைத்தான் அவன் ஔவைக்குக் கொடுத்தான். எல்லாரும் கொடையைப் பேசுவார்கள். கல் குவாரியில் வயதைக் கழித்தவன் நான். எனக்குக் கண் அந்தப் பாறைமேல்தான்.

பாறை ஆளை எப்படித் தடுக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணகிரி துர்க்கத்துக்கு, அந்த மலைக்கோட்டைக்குப் போக வேண்டும். மொட்டைக் கருங்கல். பல இடங்களில் கை பற்றச் செடிகூட இருக்காது. வழி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம். கீழே ஆயிரம் பேர் நின்றாலும் மேல் வாசலில் மோதப்போவது முன்னால் நிற்கிற நாலு பேர்தான். சரிவில் உருளும் கல்லுக்கு வேகம் கூடிக்கொண்டே போகும். குவாரியில் மேலே கடப்பாரை போட்டால் கீழே ஒருவனும் நிற்கக் கூடாது என்று சத்தம் போடுவோமே, அதே கணக்கு.

கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அந்தக் கணக்கை உயிரைக் கொடுத்துக் கற்றது. மைசூர் கையில் இருந்த கோட்டையை 1767இல் தாக்கிப் பார்த்தது, முடியவில்லை. சுற்றி வளைத்து உட்கார்ந்து, 1768இல்தான் கோட்டையை வாங்கியது. அது திரும்பவும் மைசூர் கைக்குப் போனது. 1791 ஜூலையில் கும்பெனியின் மேஜர் கவுடியிடம் பக்கத்து ராயக்கோட்டை சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பர் 7 இரவு கும்பெனித் தளபதி மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியில் பாய்ந்தது. பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல் வாசல்வரை வந்துவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. ஏணி வரவழைத்தார்கள், மேலிருந்து உருண்ட பாறாங்கற்கள் ஏணியையும் தூக்கி வந்தவர்களையும் சேர்த்து நசுக்கின. படை இறங்கிவிட்டது.

மைசூரை ஆண்ட திப்புவின் ஆட்கள் கடைசிவரை மேல்கோட்டையை விடவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எங்கள் வட்டாரமான பாராமகால் முழுவதும் கும்பெனிக்குப் போனபோது அதுவும் கூடவே போனது. முதல் தடவை முற்றுகை, இரண்டாம் தடவை காகிதம். இரண்டு தடவையும் அந்தப் பாறையைக் கால் வெல்லவில்லை.

நெல்லி பறிக்கப் போனவன்மேல் யாரும் கல் உருட்டவில்லை. அவனுக்கு எதிரி பாறை மட்டும்தான். பாறையோடு மட்டும் என்றால் வெறுங்காலும் நிதானமும் போதும். எங்கள் வேலையில் அதைத் தினமும் பார்த்திருக்கிறோம். மேலே ஒருவன் காவல் நின்றுவிட்டால் அதே மலை வேறு மலை. ஞாயிற்றுக்கிழமை துர்க்கத்தில் ஏறி உச்சியில் படம் எடுக்கும் பையன்களிடம் நான் சொல்வது ஒன்றே: இறங்கும்போது மேல் வாசலில் நின்று கீழே பாருங்கள். 1791இல் யார் எங்கே நின்றார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.